கணக்கில் சேராத ஒப்பரேஷன்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்பின் பாஹிம்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்களையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்கட்டும். கிண்ணியாவில் என் உம்மா நல்ல சுகம். வாப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கூடித்தான் நிற்கிறது, சொன்னால் கேட்கிறார் இல்லை.

நீங்கள் இருக்கும் இங்கிலாந்துக்கே என்னையும் விண்ணப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் பதில் சொல்லாதது அலட்சியத்தால் இல்லை. எங்களுடைய சத்திரசிகிச்சைப் பயிற்சியை இடைநடுவில் மாற்றிவிட்டார்கள். இனிப் பெரிய ஒப்பரேஷன் எதையும் கன்சல்டன்ட் வைத்தியநிபுணர் பக்கத்தில் இல்லாமல் நாங்கள் தொடக்கூடாது. ஈரலா, குடலா என்று சிறப்புத் துறை ஒன்றை இந்த வருஷமே தெரிவு செய்யவும் வேண்டும். கொழும்பில் அது சரி. இங்கே எங்களுக்குக் கன்சல்டன்ட் என்று ஆனந்தராசா சேர் ஒருவர்தான். வருகிற நோயாளி எந்த உறுப்போடு வருவார் என்று யாருக்குத் தெரியும்?

போன சனிக்கிழமை மத்தியானம் புல்மோட்டையிலிருந்து றிகாஸ் என்ற இளம் மீனவரைக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளை டிப்பர் லொறி அடித்திருந்தது. வயிறு முழுக்க இரத்தம். சேர் கொழும்பில் நின்றார். எதற்குத் தெரியுமா? புதிய திட்டத்தில் எங்களுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று பழகப் போயிருந்தார். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வழியிலேயே மௌத்தாகிவிடுவார். சேருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

“வயித்தைத் திறவுங்கோ ஜுமானா. நான் பொறுப்பு,” என்றார்.

என்னோடு பயிற்சியில் இருக்கும் தனஞ்சயன் உதவிக்கு நின்றார். மண்ணீரல் கிழிந்திருந்தது. எடுத்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், நேற்று றிகாஸ் தன் மனைவி பஹ்மியா கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, எப்போது கடலுக்குப் போகலாம் என்று கேட்டார்.

அதற்குள் ஒப்பரேஷன் பதிவேட்டைப் பார்த்த பயிற்சிக் குழுவிலிருந்து மெயில் வந்துவிட்டது. அந்த ஒப்பரேஷன் என் பயிற்சிக் கணக்கில் சேராதாம். விதியை ஏன் மீறினேன் என்று விளக்கமும் வேண்டுமாம். வாசித்ததும் அழுகை வந்தது. இந்தத் திட்டத்துக்கு ஆதரவாகக் கையெழுத்து வைத்தவர்தானே நீங்கள் என்று கோபத்தைத் தனஞ்சயன் மேல் கொட்டினேன்.

அவர் கோபிக்கவில்லை. முந்தி வேலை செய்த இடத்தில் ஒரு பெண்ணுக்குத் தனியே வயிற்றைத் திறந்தாராம். இரத்தத்தை நிப்பாட்ட ஏலவில்லையாம். “அண்டைக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தா அந்தப் பொம்பிளைப் பிள்ளை செத்திருக்காது,” என்றார்.

அவர் சொல்வதும் சரி, நான் செய்ததும் சரி. அதுதான் எரிச்சல், பாஹிம். சட்டத்தை அனுப்பியவர்கள் இன்னொரு கன்சல்டன்டை அனுப்பவில்லை.

நடந்ததை நடந்தபடி குழுவுக்கு எழுதினேன், மன்னிப்புக் கேட்கவில்லை. சேரும் கீழே கையெழுத்து வைத்தார். இன்னும் பதில் இல்லை. சில வேளை இந்தப் பயிற்சிக் காலத்தைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். இதெல்லாம் வேண்டாம், இங்கே வந்துவிடு என்றுதான் சொல்வீர்கள். சில நாட்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நோயாளிகளின் வாட்டுக்குப் போனதும் அது மறந்துவிடுகிறது.

குளிருக்குள் கவனம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லீவு கிடைக்குமா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். என்னைக் கூட்டிப் போக வரவேண்டாம். சும்மா வாருங்கள்.

உங்கள் மனைவி
ஜுமானா