முந்தானைக்குள் ஒரு கை

1937 ஜனவரி 17

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது மூன்று பேர் கேட்டார்கள், வேலை கிடைத்ததா என்று. பி.ஏ. பாஸ் பண்ணி எட்டு மாதம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் அப்பா படித்த ஐந்தாம் வகுப்புதான் அதுவரை பெரிய படிப்பு. "ஏதாச்சும் ஸ்கூல்ல கூப்பிடுவாங்க" என்று அப்பாவே எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுகிறார். யாரும் கூப்பிடவில்லை. பெண் கேட்டும் யாரும் வரவில்லை. பி.ஏ. என்றதும் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் வாரம் ஒரு கல்யாணத்துக்காவது போகிறேன், காமிராவோடு. திருச்சிப் பாலக்கரையில் அப்பாவின் ஸ்டூடியோ. ஆம்பிளை போட்டோக்காரர் முன்னால் வரமாட்டோம் என்கிற வீடுகளுக்கு நான்.

பிப்ரவரி 3

ஸ்ரீரங்கம். வீட்டுக்குப் பின்னால் தோப்பில் வைத்துக் கல்யாணப் பெண்ணை எடுத்தேன். தென்னை ஓலை வழியாக வந்த வெயில் அவள் முகத்தில் கோடு கோடாக விழுந்தது. மதில் நிழலுக்கு நகர்த்தி, காலடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போய்விட்டது. இதைச் செய்யத் தெரிகிறது. "நிமிருங்கள், இப்படித் திரும்புங்கள்" என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை. அதனால் எப்போதும் போல நானே முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து காட்டினேன். அவள் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"என்ன அடக்கம், பாருங்கோ!" என்றார் மாமியார். என்னையே சொன்னதுபோல் சந்தோஷமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் தோட்டத்தில் இலை போட்டார்கள். எதிரே கிணறு. பாயசம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 9

இன்று மஜீதாவை எடுத்தேன். எங்கள் ஸ்டூடியோவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பதினேழு வயது. மாப்பிள்ளைக்குப் பினாங்கில் துணிக்கடை. கல்யாணத்துக்குத்தான் வருவாராம். அதற்கு முன்னால், மணப்பெண்ணாக அலங்கரித்து ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மொட்டை மாடியில் நாலு பக்கமும் புடவை கட்டி மறைத்து, மாலை வெயிலில் எடுத்தேன்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். அந்தத் துணிக்குள் இருக்கும்போது மட்டும்தான் நான் ஒருவர் முகத்தை நேராகப் பார்க்கிறேன். அவர்களுக்கு என் முகம் தெரியாதே.

மஜீதா விடவில்லை. "அக்கா, உள்ள தூங்கிட்டீங்களா?" என்றாள். இறங்கி வரும்போது கையில் தேங்காய்ப்பால் மணக்கும் வட்டிலப்பம் ஒரு கிண்ணம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து!

பிப்ரவரி 10

விபூதிப் புதன். இனி ஈஸ்டர் பாஸ்கு வரை நம் வேதக்காரர் வீடுகளில் கல்யாணம் கிடையாது. இன்று நான் பேசியது மொத்தம் ஆறு வார்த்தை இருக்கும்.

மார்ச் 20

வாசலில் திரை போட்ட ஜட்கா வந்து நின்றது. மஜீதாவின் அம்மா ஆரிஃபா. இறங்கவில்லை. நான் போய்ச் சக்கரத்தின் பக்கம் நின்றேன்.

"ஏம்மா ரோசரி, எம்பொண்ணுக்கு அல்லாஹ் பத்து வெரல் கொடுத்திருக்கான். அஞ்ச நீ எங்கம்மா வெச்சே?"

சிரித்துவிட்டேன். திரைக்குள்ளிருந்து சிரிப்பு வரவில்லை.

"மாப்பிள்ளையோட அக்கா எழுதியிருக்காங்க. எடது கையை எதுக்கு மறைச்சீங்க, கையில என்ன கொறைன்னு. கை முழுசாத் தெரியிற படம் வரலேன்னா வேற எடம் பாக்கறாங்களாம்."

நாளை மறுநாள் வருகிறேன் என்றேன். மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

நான் எடுத்த கல்யாணப் படங்களில் கையில் பிரதி இருந்தவற்றை மேசையில் பரப்பினேன். ஸ்ரீரங்கத்துப் பெண். மேலப்புதூர் டோரதி, பூச்செண்டை வலது கையில் மட்டும் பிடித்தபடி. மஜீதா. இன்னும் நாலு பேர். ஏழு மணப்பெண்கள். ஏழு பேருக்கும் தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஏழு பேருக்கும் இடது கை இல்லை. முந்தானைக்குள்ளோ முக்காட்டுக்குள்ளோ போய்விட்டது.

என் இடது கை எங்கே என்று அப்போதுதான் பார்த்தேன். முந்தானைக்குள்.

போட்டோ பிளேட் கழுவும்போது மருந்தில் இந்த ஒரு கைதான் முங்கும். முங்கி முங்கி நகமெல்லாம் கறுத்துப்போன கை. காலேஜில் ஒருத்தி, "அடுப்புக் கரியாடீ?" என்று கேட்ட நாளிலிருந்து ஒளித்தே பழகிவிட்டேன். உட்கார்ந்து காட்டினேனே — இதையும் சேர்த்துத்தான் காட்டியிருக்கிறேன். எல்லோரும் அடக்கம் என்று நினைத்தார்கள். நானும்தான்.

என் கூச்சத்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால்?

மார்ச் 22

மறுபடி அதே மொட்டை மாடி. மஜீதாவின் கண் வீங்கியிருந்தது. "எனக்கு ஒரு கைதான்னு தெருவே பேசுது. கமருன்னிசா மாமி வந்து வெரலை எண்ணிட்டுப் போறாங்க அக்கா. ரெண்டு தடவை எண்ணினாங்க!" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"கையை வெளியே வைம்மா" என்று சொல்லியேவிட்டேன். வைத்தாள். நான் துணிக்குள் போய்ப் பார்ப்பதற்குள் கை மறுபடி உள்ளே போயிருந்தது. மறுபடி சொன்னேன். மறுபடியும் போயிற்று.

"நான் என்ன பண்ண? அன்னிக்கு நீங்க உக்காந்த மாதிரியே வருது. நீங்க மட்டும் ஏன் மறைச்சுக்கிறீங்க?"

ஆரிஃபா பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பெண்கள். வெயில் மதிலை விட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் எடுத்து முழங்கால் மேல் வைத்தேன், விரலைப் பிரித்து. கறுப்பு நகம் ஐந்தும் தெரிந்தன.

மஜீதா குனிந்து என் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எப்பப் போகும்?"

"போகாது."

"என் மருதாணி பத்து நாள்ல போயிடும்" என்றாள், ஏதோ என்னிடம் அவள் தோற்றுவிட்டதுபோல. பிறகு உட்கார்ந்தாள். பத்து விரலும் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தன. லென்ஸ் மூடியை எடுத்து, இரண்டு எண்ணி, மூடினேன்.

"இப்ப மன்னிச்சிடுங்க" என்று ஆரிஃபாவிடம் சொன்னேன். 'இப்ப' என்று ஏன் சொன்னேனோ. அவர் வட்டிலப்பம் எடுக்க உள்ளே போனார்.

ஏப்ரல் 27

பினாங்கிலிருந்து சம்மதம் வந்துவிட்டது. மஜீதா ஆளனுப்பிச் சொன்னாள். நல்லது. மிகவும் நல்லது.

ஜூன் 14

நேற்று நிக்காஹ் முடிந்தது. இன்று நாகப்பட்டினத்துக்கு ரயில், அங்கிருந்து கப்பல். ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று காலையெல்லாம் யோசித்தேன். யார் என்று சொல்லிக்கொண்டு போவது? போட்டோக்காரி என்றா? போகவில்லை. அந்த மொட்டை மாடி எங்கள் மாடியிலிருந்து தெரிகிறது. கட்டியிருந்த புடவைகளை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 2

மழை. ஒன்றுமில்லை.

நவம்பர் 19

தபாலில் பினாங்கு முத்திரையோடு ஓர் உறை. மஜீதாவின் கோணல் எழுத்து: அங்கே தினமும் மழை, மீன் மலிவு, மாப்பிள்ளையின் அக்கா நன்றாகச் சமைக்கிறார். அவ்வளவுதான்.

உள்ளே ஒரு படம். அந்த ஊரில், ஏதோ தோட்டத்துப் படிக்கட்டில், புருஷனும் பெண்டாட்டியுமாக எடுத்தது. அவர் சிரிப்பை அடக்குவது நன்றாகத் தெரிகிறது. மஜீதா தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து நேராகக் காமிராவைப் பார்க்கிறாள். இடது கை முந்தானைக்குள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தார். "இது நீ எப்பம்மா எடுத்தே?"

"நான் எடுக்கலப்பா" என்றேன். இரண்டு கையும் மேசைமேலேயே இருந்தன.