பதினெட்டு அங்குலம்

நவம்பர் 6

தங்கைக்கு,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அம்மாவின் காரியத்தன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன், இன்றுதான் உனக்கு எழுதுகிறேன். அதுவும் நீ கேட்டதால். எப்படி இருக்கிறாய் அண்ணா என்று கேட்டிருந்தாலும் பரவாயில்லை. மூன்று படங்களை அனுப்பி, ஒரு பழைய கரி அடுப்பின் அளவைச் சொல்லச் சொல்லியிருக்கிறாய்! நல்லது. நல்லது கெட்டது எதற்கும் வேண்டாத அண்ணன் அடுப்புக்காவது வேண்டியிருக்கிறான்.

காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் படங்களைப் பார்த்துச் சேதத்தை அளப்பது என் வேலை. “போட்டோவைப் பாத்தே சோறு தின்கிற ஆளு” என்று அன்று உன் கணவர் நாலு பேர் முன்னால் சொன்னார். அது எனக்கு வலிக்கவில்லை. நீ சிரித்தாய். அதுதான்.

இனி அடுப்பு. மூடி போட்ட இந்த உருண்டை அடுப்புகள் பெரும்பாலும் இரண்டு அளவில் கிடைக்கும்: பதினெட்டு அங்குலம், இருபத்திரண்டு அங்குலம். விற்கிறவன் கில்லாடி. முதல் படத்தைக் கிட்டத்தில் குனிந்து எடுத்திருக்கிறான். அண்டா மாதிரி தெரிகிறது. இரண்டாவதில் பின்னால் ஒரு சுவர் தவிர வேறெதுவும் இல்லை. தூரத்துச் சுவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. மூன்றாவதில் மாட்டிக்கொண்டான். மூடியைக் கழற்றித் தரையில் கவிழ்த்திருக்கிறான். அதை ஒட்டி ஒரு செங்கல். இரண்டும் ஒரே தரையில், ஒரே தூரத்தில். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். மூடியின் குறுக்களவு செங்கலின் நீளத்தில் சரியாக இரண்டு மடங்கு. செங்கல் ஒன்பது அங்குலம். ஆக, சின்ன அடுப்புதான். பெரியதற்கான விலையைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

உள் அறைக் கதவு குறுகல், அதில் நுழையுமா என்றும் கேட்டிருக்கிறாய். தாராளமாக நுழையும். வெட்டவெளியில் நிற்க வேண்டிய பொருளுக்குக் கதவு எதற்கு என்று புரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

அண்ணன்


நவம்பர் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் தையல் கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். இனியும் இந்தக் கடை முகவரிக்கே எழுதுங்கள். இவர் என் போனைத் தினமும் பார்க்கிறார்.

அன்றைக்குச் சிரித்தேன்தான். இவர் சொன்னதற்கு அல்ல, உங்கள் மூஞ்சி போன போக்கைப் பார்த்து. சின்ன வயதிலிருந்து அந்த மூஞ்சிக்குச் சிரித்தே பழகிவிட்டது. இதற்கா அண்ணா இத்தனை காலம்?

நீங்கள் சொன்ன அளவு சரியாக இருந்தது. “இது பெரிசு, கதவுல மாட்டிக்கும்” என்று இவர் வேண்டாமென்றே இருந்தார். சின்னதுதான் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னதாகச் சொல்லிவைத்தேன். உங்கள் பெயரை எடுக்கவில்லை. வாங்கி வந்து உருட்டிப் பார்த்தார். நாலு விரல் இடம் விட்டு உள்ளே போனது!

கதவு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இவருக்கு வேலை போய்விட்டது. வீட்டு ஹீட்டர் கெட்டுப்போய், வீட்டுச் சொந்தக்காரர் இன்று நாளை என்கிறார். ராத்திரிக் குளிரில் குட்டிப் பயலுக்குப் பல் கிட்டுகிறது. அதனால் இவர் ஒரு யோசனை வைத்திருக்கிறார். சாயங்காலம் வாசலில் கரியைப் பற்றவைத்துச் சமைத்துவிட்டு, புகை அடங்கிக் கரி நன்றாகச் சிவந்ததும், சக்கரத்தில் உருட்டிப் படுக்கிற அறையில் விட்டுவிடலாம். “புகையே இல்லாத நெருப்புக்கு என்னடி பயம்?” என்கிறார். அனல் வெளியே போகாமலிருக்க ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாகிவிட்டது. குளிர் இறங்கினதும் ஆரம்பிக்கப் போகிறார்.

அடுப்பின் பக்கத்தில் குட்டி நிற்கும் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். இந்தப் படத்தையாவது அளக்காமல் பாருங்கள்.

உங்கள் அன்புத் தங்கை


நவம்பர் 17

தங்கைக்கு,

அடுப்பை உள்ளே விடாதே. மற்றதெல்லாம் பிறகு. கரி சிவந்திருந்தாலும், சாம்பல் பூத்திருந்தாலும், சூடு இருக்கும் வரை அது உள்ளே வரக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது.

புகை நல்லது, தெரியுமா? கண்ணை எரிக்கும், இருமவைக்கும், ஆளை எழுப்பி வெளியே துரத்தும். சிவந்த கரியிலிருந்து வருகிற விஷக்காற்றுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தலை லேசாக வலிக்கும். தூக்கம் வரும். அவ்வளவுதான்.

ஒருமுறை என் மேசைக்கு ஒரு அறையின் படங்கள் வந்தன. விரிப்பில் மூன்று தலையணை, அலமாரியில் பொம்மைகள், நடுவில் ஒரு கரிச்சட்டி. எதுவும் எரியவில்லை, எதுவும் உடையவில்லை. பொருட்சேதம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுத முடிந்தது. மூன்று தலையணைக்கும் உரியவர்கள் இல்லை.

குட்டியின் படத்தை அளக்காமல் பார்க்க முடியவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஜன்னலின் நான்கு பக்கமும் பழுப்பு டேப். உன் கணவர் எந்த வேலையையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை. லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன். நாலு விரல் இடம் என்று நீ எழுதியிருக்கிறாயே, அந்த நாலு விரலை அளந்து கொடுத்தவன் நான்.

அவருக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தைப் பிடித்தேன். “அடுப்பு வாங்கினது குத்தமில்லையே சார், பத்தவெச்சா சொல்லுங்க” என்றார்கள்.

நீயே அவரிடம் சொல். தயவுசெய்து என் பெயரை இழுக்காதே.

அண்ணன்


நவம்பர் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின ராத்திரியே குளிர் இறங்கிவிட்டது. அடுப்பும் உள்ளே வந்துவிட்டது.

பயப்படாதீர்கள், எல்லாரும் இருக்கிறோம். காலையில் எனக்கு மண்டை பிளந்தது. குட்டியை எழுப்பினால் எழவில்லை. உலுக்கினேன். கண்ணைத் திறந்து என்னை யாரோ மாதிரி பார்த்துவிட்டு வாந்தி எடுத்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. “பாத்தியா, சூட்டுல எப்படிக் கலையா இருக்கான்!” என்றார் இவர். தூக்கிக்கொண்டு மாடிவீட்டு நர்ஸிடம் ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மூக்கில் காற்று வைத்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறான்.

ஆனால் இவர் நம்பவில்லை. சாப்பிட்டது சேரவில்லையாம். விஷக்காற்று என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். சண்டையில் நான் ஆத்திரப்பட்டு, “எங்க அண்ணன் அப்பவே எழுதிட்டாரு” என்று கத்திவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. “ஓகோ, அந்த மேதாவி சொன்னாரா? அப்படின்னா கட்டாயம் உள்ளதான் வைப்பேன். நீயும் புள்ளையும் வேணா வெளிய போய்ப் படுங்க” என்றார்.

நானும் குட்டியும் நர்ஸ் வீட்டில் படுக்கிறோம். இரண்டு நாளாக வெயில் அடிப்பதால் இவர் பற்றவைக்கவில்லை. வாரக் கடைசியில் மறுபடியும் குளிருமாம். ராத்திரியில் கீழே ஏதாவது சத்தம் கேட்டால் கோபம் வரும், கேட்காவிட்டால் பயம் வருகிறது. நான் என்ன செய்யட்டும் அண்ணா?

தங்கை


நவம்பர் 26

தங்கைக்கு,

குட்டி ஓடி விளையாடுகிறான் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு எதையும் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை.

அவர் பற்றவைத்தால் வாசலிலேயே கரி மேல் ஒரு வாளித் தண்ணீரைத் தூர நின்று ஊற்று. சண்டை வரட்டும். உருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடு. இனி வருவார்கள்.

அந்த அறையில் இப்போது படுப்பவர் ஒருவர்தான். உலகத்தில் நான் முகம் கொடுத்துப் பேச விரும்பாத மனிதர். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நேற்று அலுவலகத்தில் அந்தப் பழைய கோப்பு நினைவுக்கு வந்தது. விரிப்பில் இப்போது ஒரே ஒரு தலையணை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது நாலு பக்கம். அதில் அடுப்பைப் பற்றி அரைப் பக்கம், மீதியெல்லாம் என்னைப் பற்றி. கிழித்தேன். இரண்டாவதில் ‘நான் முன்பே சொன்னதுபோல’ என்று ஒரு இடத்தில் வந்துவிட்டது. அதையும் கிழித்தேன். மூன்றாவதை அலுவலக டைப் மெஷினில் தட்டினேன், கையெழுத்து தெரியக் கூடாது என்று. சில வரிதான்:

‘ஐயா, நீங்கள் பழையதாக வாங்கிய கரி அடுப்பைப் பற்றி. கரி சிவந்த பிறகுதான் அதிலிருந்து ஆளைக் கொல்லும் காற்று வருகிறது. அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. இது பலருக்குத் தெரிவதில்லை. உங்களைப் போல விவரம் உள்ளவர் இத்துடன் இருக்கும் கருவியை வைத்துத் தாமே சோதித்துப் பார்க்கலாம். அது கத்தினால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.’

கூட வைப்பது விஷக்காற்று பட்டால் கத்துகிற சின்னப் பெட்டி. கடையில் விற்கிறது. அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினெட்டு அங்குலம் என்று எழுதினால் நான்தான் என்று பிடித்துவிடுவார். அடுப்பை விற்றவன் அனுப்பினான் என்று நினைத்துக்கொள்ளட்டும். ‘உங்களைப் போல விவரம் உள்ளவர்’ என்று தட்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

பெட்டி கத்தும். அடுப்பு வெளியே போகும். பிறகு அவர் உன்னிடம் வந்து, இதை நான்தான் கண்டுபிடித்தேன், உங்க அண்ணனுக்கெல்லாம் என்ன தெரியும் என்பார். ‘ஆமாங்க’ என்று சொல். என் மூஞ்சி போகிற போக்கை நினைத்துச் சிரித்துக்கொள், பரவாயில்லை.

தபால் நிலையம் மூட இன்னும் நேரம் இருக்கிறது. பார்சலைக் கட்டி, முகவரியையும் மெஷினில் தட்டி ஒட்டி, அனுப்புநர் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். பேனாவை மூடிவிட்டேன். பெயர் போடாமலே அனுப்பப் போகிறேன்.