ஊசி வாசலை நனைக்கும் நாட்கள்

என் தையல்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. ஆமாம், நானேதான். யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. நாற்பது வருஷம் லாரி டயர் கழற்றிய கை, பென்சிலைப் பிடித்தால் மூன்றே வரியில் வியர்த்துவிடுகிறது. முந்தாநாள் ஆரம்பித்த கடிதம் இது. மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, நீயே படி. அவளுக்கு இடுப்பு வலி தேவலையா? பேரன் கவிழ்ந்து படுக்கிறானா?

இங்கே ஒரு சங்கடம். நம் ஊசி வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போகிறது. ஒன்பது வருஷமாக ஒரு சொட்டு விடாத நாய், நீ போன இரண்டாம் மாதத்திலிருந்து வாசல் மிதியடியை நனைக்கிறது. சொன்னால் தவிப்பாய் என்று போனில் மறைத்தேன். திட்டியும் பார்த்தேன். காதை மடக்கிக்கொண்டு உன் தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டு ஓனர் வந்து, "படியெல்லாம் நாறுது பெரியவரே, மாசக் கடைசிக்குள்ள நாயை எங்கயாவது விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். 

ஊசியை நாய் டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனேன். சோதித்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை என்றார். வயசாகிவிட்டதா என்று கேட்டேன். "எல்லாத்தையும் வயசு மேல போடாதீங்கப்பா. எப்போ போகுது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பத்து நாள் எழுதிட்டு வாங்க" என்றார். எனக்கு எழுதத் தெரியும் என்று அவராகவே நினைத்துவிட்டார், பார்த்தாயா! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தேன்.

எழுதினேன். புதன் சாயங்காலம், வாசல். ஞாயிறு சாயங்காலம், வாசல். மறுபடி புதன். மற்ற நாளெல்லாம் ஒன்றுமில்லை. நோட்டை நானே டாக்டரம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். புதனும் ஞாயிறும் என்ன விசேஷம் என்று கேட்டார். என் வீட்டுக்காரி போன் பண்ணும் நாள் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும். ஊசியும் உன் குரலைக் கேட்கட்டுமே என்று நீ போன இரண்டாம் மாதத்திலிருந்து போனைத் தரையில் வைக்கிறேன். நீ விளையாட்டாக, "ஊசி, நான் வந்துட்டேன்டா" என்பாய். தையல் கடையிலிருந்து திரும்பிப் படியேறும்போது தினமும் சொன்ன அதே பேச்சு. அது நம்பிவிடுகிறது. போய் வாசலில் உட்கார்ந்துகொள்கிறது. தெருவுக்கு இழுத்தாலும் வருவதில்லை. போன நேரத்தில் நீ வந்துவிட்டால்? கடைசியில் தாங்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுகிறது. பாவம், அதைப் போய்த் திட்டினேனே.

போன ஞாயிறு லைன் சரியில்லாமல் நீ அதைச் சொல்லாமலே வைத்துவிட்டாய். மிதியடி காய்ந்தே இருந்தது. ஓனரிடம் நோட்டைக் காட்டினேன். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

மகள் இன்னும் மூன்று மாதம் இருக்கச் சொல்கிறாளாமே. இரு. அவளுக்கும் நீ வேண்டும்தானே. அந்தப் பத்து நாளில் நீ போனை வைத்த பிறகெல்லாம் நானும் கொஞ்ச நேரம் வாசலில் ஊசி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதை நோட்டில் எழுதவில்லை.

பேரனுக்கு என் ஆசி. நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. வந்துட்டேன் என்று மட்டும் போனில் சொல்லாதே. அதைப் பத்திரமாக வைத்திருந்து, நம் படியில் ஏறும்போது சொல்.

உன் வீட்டுக்காரன்