பால்சுறாவுக்கு ஒரு விலக்கு

ஊர்காவற்றுறை
12.3.1968

எங்கள் மகளின் அம்மாவுக்கு,

நெடுந்தீவிலிருந்து உமது கடிதம் இன்று கிடைத்தது. பதிலுக்கு முன் என் எரிச்சலைக் கேளும்.

குட்டிச் சுறாக்களையும் வாரிக்கொண்டு வந்தால் தொழிலே அழிந்துவிடும் என்று, வைகாசி வரை முழத்துக்குக் குறைந்த சுறாவைப் பிடிக்கக் கூடாதெனச் சங்கத்தில் தீர்மானித்தோம். பால்சுறாக் குட்டி தின்று தாய்க்குப் பால் சுரக்கட்டும் என்று, பிள்ளை பெற்ற வீட்டுக்கு மட்டும் நான்தான் விலக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து வள்ளத்துக்கு வள்ளம் பிள்ளைப்பேறு! இன்னாசித்தம்பி அண்ணையின் மனைவிக்கு ஐம்பத்தாறு வயது. "மனுசிக்குப் பால் காணாது தம்பி" என்கிறார் கூசாமல்.

போன வெள்ளி விலக்கை நீக்கினேன். மறுநாளே உமது தம்பி நாலு குட்டிச் சுறாவோடு கரைக்கு வந்தான். "நெடுந்தீவுக்குப் போறன் அத்தான். இது அக்காவுக்கு" என்றான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பறித்துக் கடலில் எறிந்தேன். செத்த மீனை எறிந்து என்ன பயன் என்று நீரும் கேளாதேயும்.

இன்று நீர் எழுதுகிறீர், பால் காணாமல் பிள்ளை அழுகிறாள் என்று.

நாளை சங்கக் கூட்டம். என் மனைவி பிள்ளை பெற்றிருக்கிறாள், விலக்கைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்கப்போகிறேன். முதலில் சிரிக்கப்போவது இன்னாசித்தம்பி அண்ணை. முதலில் கை உயர்த்தப்போவதும் அவர்தான்.

இன்னும் பிள்ளையின் முகம் பார்க்காத,
உமது சங்கத் தலைவர்