நாலு முதல் அஞ்சு வரை

மக்கா பிரஜின்,

நம்ம ஊர் கரமனை முழுமைக்கும் ஓர் அறிவிப்பு: ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிய டாக்டர் மாட்டிவிட்ட மெஷினைக் கழற்றியபோது, என் நெஞ்சிலிருந்த ஏழு முடிகளும் ஸ்டிக்கரோடு போய்விட்டன.

டாக்டரை ஏமாற்றலாம் என்று சனிக்கிழமை அதை உன் நெஞ்சில் ஒட்டி, ஒரு மணி நேரம் மைதானத்தில் ஓடவிட்டேன் அல்லவா? இன்று அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நாலு முதல் அஞ்சு வரை துடிப்பு தாறுமாறா இருக்கு. அப்போ என்ன செஞ்சே மோனே?" என்று கேட்டார்.

மற்ற நேரமெல்லாம் சரியாம். மற்ற நேரம்தான் நான்.

இனி ஓடாதே. படி ஏறாதே. இந்தக் கடிதத்தை இப்போதே உன் அப்பாவிடம் காட்டு.

எமனையே கலாய்ப்பேன் என்று உன்னிடம் அளந்தேன். அங்கே அம்மா அழுததும் பயந்துபோய், "பந்து விளையாடினேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் பயந்தாங்கொள்ளி