எட்டரைக்குத் திரும்ப வேண்டும்

மழைக்காலம் முடிந்து வந்த நல்ல வெயிலில் இன்று உங்கள் கம்பளிக் கோட்டைக் கொடியில் போட்டேன். போர்ட் பிளேயரின் ஈரத்தில் ஒரு கம்பளிக் கோட்டை இத்தனை வருடம் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவது எளிதல்ல, நீங்கள் மறைந்த பிறகும் நான் காப்பாற்றியிருக்கிறேன். அந்துருண்டை வாசனை டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் நம் வீட்டு வாசல்வரை வந்தது. உள்பையில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. பென்சிலில் என் கான்வென்ட் கையெழுத்து. கடைசி வரியின் கீழே நீங்கள் போட்ட இரட்டைக் கோடு.

அறுபதுகளின் கடைசியில், தீவில் சாலை போட வந்த பொறியாளர் ஒருவர் பனிமலைக்கு விமானம் ஓட்டப் போகிறார் என்றால் யார் நம்புவார்கள்? கல்யாணத்துக்கு முன்பே மதராஸில் கற்று உரிமம் வாங்கியவர் நீங்கள். விடுப்பில் மெயின்லேண்ட் போனால் என் அம்மா வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஃப்ளையிங் கிளப்புக்குத்தான் போவீர்கள். இமயமலை அடிவாரத்தில் கரும்பாலை வைத்திருந்த உங்கள் நண்பர் சர்தார்ஜியிடம் நான்கு பேர் உட்காரும் சொந்த விமானம் இருந்தது. இரண்டு கோடைகளில் அவரோடு, அங்கிருந்து சிகரத்துக்குப் போகும் பள்ளத்தாக்கில் பாதி தூரம் ஓட்டிப் பழகியிருந்தீர்கள். "டிசம்பரில் வா, வானம் துடைத்த மாதிரி இருக்கும். சிகரம்வரை நீயே போகலாம்" என்று அவர் எழுதிய நாளிலிருந்து, நம் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. எல்லாம் வரைபடங்கள்.

நீங்கள் திட்டமிட்ட விதத்தை இன்றும் வியக்கிறேன். பள்ளத்தாக்கின் நடுவே போகக் கூடாது, ஓரமாகப் போனால்தான் திரும்புவதற்கு முழு அகலமும் கிடைக்கும். முகட்டை நேராக நெருங்கக் கூடாது, சாய்வாகப் போனால் காற்று கீழே அழுத்தும்போது உடனே விலகலாம். வெயில் ஏறினால் மலையில் காற்று எழும். பத்து மணிக்குள் தரையில் இருக்க வேண்டும். வழியில் இறங்க நேர்ந்தால் இரண்டு நாள் தாங்கக் கம்பளி, தீப்பெட்டி, வெல்லம். ஒவ்வொன்றுக்கும் எடை.

என் எடையையும் கேட்டீர்கள். ஓர் எண்ணைச் சொன்னேன். "அது கல்யாணத்தன்னிக்கு" என்றீர்கள். ஜங்லிகாட் கடைத்தெருவில் கொப்பரை நிறுக்கும் தராசில், ஸ்வெட்டரும் பூட்சுமாக என்னை ஏற்றி நிறுத்தினீர்கள். கடைக்காரர் கல்லை வைத்துக்கொண்டே, "சாப், அம்மாவை எந்த ரேட்டுக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டார். ஒரு வாரம் அந்தத் தெருப்பக்கம் நான் போகவில்லை.

"நேரத்தை மட்டும் நீ போடு, மதர் சுப்பீரியர். உன் கண்ணில தப்பு தப்பாது" என்று தாளைத் தந்தீர்கள். நான் எழுதினேன்: ஆறு மணிக்குக் கிளம்புவது. ஏழரைக்குச் சிகரம். எங்கே இருந்தாலும் எட்டரைக்குத் திரும்புவது. அந்தக் கடைசி வரிக்குத்தான் கோடு போட்டீர்கள்.

கப்பலும் ரயில்களுமாகப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஐந்தரை மணிக்கு, முழுக்கத் தயாராகி, சர்தார்ஜியின் கதவைத் தட்டினோம். வெளியே கும்மிருட்டு. அவர் ரஜாயைப் போர்த்திக்கொண்டு வந்து தாளைப் பார்த்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"அரே பாய், இது உங்க தீவு டைம்! இங்கே டிசம்பர்ல சூரியன் ஏழு மணிக்கு மேலதான் எழுந்திருப்பான். இதைப் போட்ட மகாராஜா யார்?"

நம் தீவில் டிசம்பரிலும் ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம். நாடு முழுக்கக் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் அப்படியில்லை என்பது, பூகோளத்தில் பரிசு வாங்கிய எனக்குத் தோன்றவேயில்லை. உங்களுக்குக் கோடையின் விடியல்தான் பழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான், வேற யாரு" என்றீர்கள்.

அடுத்த நாளே விமானம் எஞ்சின் பழுதுபார்க்க டெல்லிக்குப் போகிறது. நமக்கும் கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. அந்த ஒரு காலைதான் இருந்தது. ஏழேகாலுக்குக் கிளம்பினோம். கீழே பைன் மரங்கள், பிறகு பாறை, பிறகு பனி. கடைசி முகடு எதிரே வந்தது. அதற்குப் பின்னால்தான் நீங்கள் வருடக்கணக்காக வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய சிகரம். கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

"என்னங்க, பதினஞ்சு நிமிஷம்தானே?"

"எட்டரை ஆச்சு" என்றீர்கள். இறக்கை சாய்ந்தது, முகடு பக்கவாட்டில் நகர்ந்து போய்விட்டது. இறங்கும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கோபம் உங்கள்மேல் என்று நீங்கள் நினைத்திருக்கலாம்.

அன்று காற்று வரவேயில்லை. நண்பகல்வரை, திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்தில் ஈரத்துணி போலத் தொங்கியது. "பதினஞ்சு நிமிஷத்துக்குப் பயந்துட்டியே!" என்றார் சர்தார்ஜி. நீங்கள் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "காத்து வரலைன்னு இப்ப தெரியுது. எட்டரைக்குத் தெரியலையே."

அடுத்த வருடம் அவர் விமானத்தை விற்றுவிட்டார். அந்தச் சிகரத்தை நீங்கள் பார்க்கவேயில்லை. 'சூரியன் எப்ப வரும்னு தெரியாத பைலட்' என்ற கேலி மட்டும் தீவுவரை வந்தது. உங்கள் அலுவலகத்தார் விருந்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் கதையைக் கேட்டார்கள், நீங்களும் சொல்லிச் சிரித்தீர்கள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் வேலை பார்த்தபோதும் சரி, பிள்ளைகள் விஷயத்திலும் சரி, ஆசை மிகும்போது எதை எங்கே நிறுத்துவது என்று நான் முன்கூட்டியே எழுதி வைத்தேன். அது உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. உண்மையைச் சொல்வதற்கு மட்டும் நேரம் குறிக்காமலே இருந்துவிட்டேன்.

இன்று பென்சிலைச் சீவி, அந்தத் தாளில் முதல் வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்: 'ஆறு மணி என்று போட்டது நான்.' கீழே கையெழுத்திட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சாப்பிட வருகிறார்கள். அப்பாவின் சூரியன் கதையைக் கட்டாயம் எடுப்பார்கள். தாள் மேஜையில் இருக்கும்.

மணி இன்னும் ஐந்தாகவில்லை, இருட்டத் தொடங்கிவிட்டது. கோட்டை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.