வீட்டுக்கு வந்த தீர்மான நோட்டு

என் தங்கமான நைனாவுக்கு,

பெரியவர்களுக்கு எழுதும்போது ‘நீங்கள்’ என்றுதான் எழுத வேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். பேச்சு வந்த நாளிலிருந்து உன்னை ‘நீ’ என்று கூப்பிட்டவள் நான். செத்துப்போய்விட்டாய் என்பதற்காக அதை மாற்றிக்கொள்ள எனக்கு வரவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், படிக்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. இரும்புக்கடையை உன் மாப்பிள்ளைதான் பார்த்துக்கொள்கிறார். மண்வெட்டி, கடப்பாரை வாங்க வருகிறவர்கள் இன்னமும் உன்னைத்தான் கேட்கிறார்கள். ஊரில் அரிசிக்கு வரிசையில் நிற்கிறோம். நீ இருந்திருந்தால் அதை வைத்தே தினம் ஒரு சண்டை போட்டிருப்பாய். அதெல்லாம் இருக்கட்டும். உனக்குச் சொல்ல வேண்டிய சேதி வேறு. நானும் இப்போது பஞ்சாயத்து உறுப்பினர், நைனா.

நீ போன மூன்றாம் மாதம் தலைவர் நம் வீட்டுக்கு வந்தார். கையில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். பேசியதெல்லாம் என் வீட்டுக்காரரிடம்தான். நான் காப்பியைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

“பஞ்சாயத்து போர்டுல ஒரு பொம்பள இருக்கணும்னு சட்டம் இருக்குதுப்பா. இருந்த அம்மா மகன் ஊருக்கே போயிட்டாங்க. தேர்தல் இல்லாம நாங்களே ஒருத்தர சேத்துக்கலாம். உங்க மாமனார் எவ்ளோ வருஷம் மெம்பரா இருந்தாரு. அவரு பொண்ணு வந்தா அவரு பேரு நெலைக்கும். கூட்டத்துக்கெல்லாம் வர வேண்டியதில்ல. நோட்டு வீட்டுக்கே வந்துடும்” என்றார்.

உன் பேர் என்று கேட்டதும் சரியென்று தலையாட்டிவிட்டேன்.

அவர் சொன்னபடியே நோட்டு வந்தது. உனக்குத் தெரியாததா? கூட்டத்துக்கு முதல் நாளே பியூன் மாணிக்கம் தீர்மான நோட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய்க் கையெழுத்து வாங்கிவிடுவார். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்பதெல்லாம் குமாஸ்தா முன்பே எழுதி வைத்திருப்பார். கூடுகிற நாளில் பஜ்ஜியும் டீயும் மட்டும்தான் பாக்கி. நான் மாவரைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மாணிக்கம் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதமல்ல, ஏழெட்டு மாதம் இப்படியே போட்டேன்.

சிங்கவரத்து அஞ்சலையை உனக்கு ஞாபகம் இருக்கும். சந்தை நாளில் கீரையும் வேர்க்கடலையும் கொண்டுவருவாளே, அவள்தான். இந்தச் சித்திரையில் ஒருநாள் நல்ல உச்சி வெயிலில் வந்தாள். ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, வேண்டாம் என்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது.

“இந்த வெயில்ல குடிச்சா இன்னாவாம் உனக்கு?”

“டவுனுக்கு வர்ற அன்னிக்கு நாங்க தண்ணி குடிக்கறதில்லம்மா. குடிச்சா எங்க போறது? பஸ் ஸ்டாண்டு பின்னால காலி மனை ஒண்ணு இருந்துச்சி. அந்தச் செவுத்து மறைவுதான் எங்களுக்கு. இப்ப அதையும் தகரம் போட்டு அடைச்சிட்டாங்க. ஓட்டல் வரப்போவுதாம். மருமவ நெறமாசமா இருக்குறா, ஆஸ்பத்திரில காட்ட இட்டாந்தேன். காலைலருந்து அடக்கிக்கினு, பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுவுறா.”

“யாரு அந்த எடத்தக் குடுத்தது?”

“போர்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்களாம்மா.”

எல்லாரும் என்றால் நானும்தான். எந்த மாதம், எந்தப் பக்கத்தில் அதைப் போட்டேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னேன். இருவரையும் நம் கொல்லைப் பக்கம் அனுப்பினேன். திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பெண் மோரை வாங்கிக் குடித்தாள். ஒரே மூச்சில் குடித்தாள் நைனா. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த தடவை மாணிக்கம் வந்தபோது நோட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

“படிக்கறதா? இன்னாம்மா சொல்றீங்க. நைனா காலத்துலருந்து இத யாரும் படிச்சதில்லையே.”

“இருக்கட்டும். சாயந்தரமா வந்து வாங்கிக்கோங்க.”

பின்னாலிருந்து முன்னால் புரட்டினேன். ஓட்டலுக்கு மனையைக் குத்தகைக்கு விடும் தீர்மானம் இருந்தது, அடியில் மாவுக்கறையோடு என் கையெழுத்தும் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் பின்னால் போனேன். அதே மனையில் பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்டுவது என்று சில வருஷங்களுக்கு முன்பே ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பணமும் ஒதுக்கியிருக்கிறார்கள். நாலு பக்கம் தள்ளி, அந்தப் பணத்தை ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு கட்டுவதற்கு மாற்றியிருக்கிறார்கள். கோட்டையைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருகிற ஊராம், முகப்பு லட்சணமாக இருக்க வேண்டுமாம். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது.

கீழே உன் கையெழுத்து. கடைசி எழுத்தை இழுத்துவிடுவாயே, அப்படியே இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். முதலில் அழுகை வந்தது, பிறகு உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைக்கு ஒரு வாளி வந்து இறங்கினால் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, ஒட்டுப்போட்ட இடத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தானே எடுத்துக்கொள்வாய்? இதை ஏன் பார்க்கவில்லை? படிக்காமல் போட்டாயா, படித்துவிட்டே போட்டாயா? இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்கு மனசு ஆறும் என்று நினைக்கிறேன். எது என்று நான் யாரைப் போய்க் கேட்பேன்?

வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் பார்க்க நன்றாக இருக்கட்டும். ஆனால் நம் போர்டில் நடப்பதைப் பார்த்துவிட்டேன் நைனா. திறப்புவிழா வைக்க முடிகிற காரியத்துக்குப் பணம் உடனே கிடைத்துவிடுகிறது. மாலை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ள முடியாத காரியம் என்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். சிங்கவரத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் வருகிற பெண்கள் இந்த ஊர்க் கடைத்தெருவுக்குக் காசு கொடுக்கிறார்கள். நம் கடையிலும்தான் அரிவாள் வாங்குகிறார்கள். அவர்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நடமாடுவது இத்தனை ஆண்களுக்கும் தெரியாதா? தெரிந்திருக்கும், அதைக் கூட்டத்தில் பேசக் கூச்சமாக இருந்திருக்கும்.

கூட்ட நாளில் நான் நேரிலேயே போய்விட்டேன். வாசலில் இருந்தவர், “வரி கட்டவாம்மா? அந்தப் பக்கம் போங்க” என்றார். எனக்கென்று நாற்காலி கிடையாது. மாணிக்கம்தான் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். போன கூட்டத்துத் தீர்மானங்கள் உறுதி செய்யப்பட்டன என்று குமாஸ்தா ஆரம்பித்தார். எழுந்து நின்று, ஒவ்வொன்றாகப் படியுங்கள் என்றேன்.

“அதுல உங்க கையெழுத்தே இருக்குதும்மா” என்றார் தலைவர்.

“இருக்குது. படிக்காம போட்டுட்டேன், அது என் தப்பு. அந்த மனைய ஓட்டலுக்குக் குடுக்கக் கூடாது. பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டணும்னு முன்னாலயே போட்ட தீர்மானம் இருக்குது.”

“அந்தப் பணத்த வளைவுக்கு மாத்தச் சொன்னதே உங்க நைனாதாம்மா. அவரு செஞ்சது தப்புன்னு இத்தினி பேரு முன்னால சொல்லுவீங்களா?”

அந்த அறையில் உன் பாடையைத் தோளில் சுமந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நீ எனக்கு என்ன குறை வைத்தாய்? ஊரே தடுத்தும் என்னை எட்டாவது வரைக்கும் படிக்க வைத்தாயே. பேசாமல் உட்கார்ந்துவிட்டால் உன் பேர் காப்பாற்றப்பட்டுவிடும், எல்லாரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

“தப்புதான்” என்றேன்.

உறுப்பினர்களில் ஒருவரான அரிசி மண்டிக்காரர் துண்டை உதறிக்கொண்டு சிரித்தார். “கட்டிட்டாப் போவுது. பொம்பளைங்க கக்கூஸுக்கு அவங்க நைனா பேரையே வெச்சிடலாம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன்னைச் சுமந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு வெளியே போவதற்காகத்தான் அவர் அதைச் சொன்னார்.

“வைங்க” என்றேன். “இப்பவே நோட்டுல எழுதுங்க. எங்க நைனா பேர்லயே கட்டுங்க. நானே முன்மொழியறேன்.”

சிரிப்பு நின்றுபோயிற்று. குமாஸ்தா தலைவரைப் பார்த்தார். ஓட்டல் குத்தகையை நிறுத்திவைப்பது, கழிப்பிடத்தை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வது என்று தலைவர் சொன்னார். அவர் சொன்னதை எழுதி முடித்து, உரக்கப் படிக்க வைத்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு அழுதேன். மூன்று நாள் திருப்பியே வைத்திருந்தேன். எடுத்துத் துடைத்து மாட்டிய பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குக் கோபமா நைனா? கோபமாகத்தான் இருக்கும். கடைத்தெருவில் ஒருவர் வணக்கம் சொல்லத் தவறினாலே இரண்டு நாள் சோறு இறங்காதே உனக்கு.

ஆனாலும் விடமாட்டேன். அடுத்த கூட்டத்துக்கும் போவேன், அதற்கடுத்த கூட்டத்துக்கும் போவேன். அவர்கள் மறந்துவிட்டார்கள் என்றால் நான் உன் பெயரைச் சொல்லித்தான் ஞாபகப்படுத்துவேன். என்றைக்கு அந்தக் கழிப்பிடக் கதவு திறக்கிறதோ, அன்றைக்கு அஞ்சலையையும் அவள் மருமகளையும் முதலில் உள்ளே அனுப்பிவிட்டு, நான் வெளியே உன் பெயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

உன் தப்பையும் உன் பேரையும் சேர்த்தே சுமக்கிற,
உன் மூத்த மகள்
சரோஜா